அரையாண்டுக் கணக்கு

(நாக்பூர் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில், ஆடி மாத முதல் ஞாயிறன்று ஆற்றிய உரை)



"உங்கள் எழுத்துப் பணி பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசு உத்தியோகத்தில் நான் எழுதியதெல்லாம் குறிப்பும் அறிக்கையும்தான். படித்ததோ பி.எஸ்ஸி. ரசாயனம். அதனால் பணி என்று சொல்லாமல், ஒரு அரையாண்டு அறிக்கையாகவே சமர்ப்பிக்கிறேன். இலக்கு, சாதனை, பற்றாக்குறை, காரணம். இந்த நான்கு கட்டங்களையும் பூர்த்தி செய்யாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது.

அரையாண்டு ஜூன் 30ஆம் தேதியே முடிந்துவிட்டதே, இப்போது ஏன் என்று கேட்கலாம். தக்ஷிணாயனம் பிறக்கட்டும் என்று காத்திருந்தேன். அதுவும் உண்மையில் தாமதம்தான். சூரியன் ஜூன் 21 வாக்கிலேயே தெற்கே திரும்பிவிடுகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் நகர்ந்து, இன்று நம் பஞ்சாங்கக் கணக்குக்கும் வானத்துக்கும் சுமார் 24 பாகை வித்தியாசம். பஞ்சாங்கமே மூன்று வாரத்துக்கு மேல் தாமதிக்கலாம் என்றால் அடியேனும் தாமதிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி 1ஆம் தேதி ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். தினம் ஒரு வெண்பா. நாலடி முடியாத நாளில் இரண்டடிக் குறள் வெண்பாவாவது. கி.வா.ஜ. எழுதிய 'கவி பாடலாம்' என்ற புத்தகம் பல வருஷமாக அலமாரியில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நானே கற்றுக்கொண்டேன்.

ரசாயனம் படித்தவனுக்கு வெண்பா பிடித்துப் போவதில் ஆச்சரியமில்லை. அணுவுக்கு இணைதிறன் என்று ஒன்று உண்டல்லவா? கார்பனுக்கு நான்கு கை, ஹைட்ரஜனுக்கு ஒரு கை, கை இல்லாத இடத்தில் ஒட்டாது. வெண்பாவிலும் அதே கதைதான். ஒரு சீர் மாவில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் இருக்கலாம். 1330 குறளும் இந்தக் கட்டுக்குள் நிற்கின்றன. பள்ளியில் இதை எனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் தமிழில் இன்னும் பத்து மார்க் வாங்கியிருப்பேன்.

இனி கணக்கு. ஜூன் 30 வரை நாட்கள் 181. எழுதியவை 163. பற்றாக்குறை 18. காரணம், மார்ச் மாதம் கண் புரை ஆபரேஷன். என் பழைய ஆபீசில் இந்த அறிக்கைக்குப் பாராட்டுக் கடிதமே வந்திருக்கும்.

ஜூலை முதல் வாரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சாகப் படித்துப் பார்த்தேன். தளை தட்டியவை 23. அது பரவாயில்லை, திருத்திவிடலாம். தளை தட்டாத 140தான் என்னைத் தூங்க விடவில்லை. விநாயகர், சரஸ்வதி, நாக்பூர் வெயில், நாக்பூர் ஆரஞ்சு, மழை, பேரன் பேத்தி, தேசபக்தி. எல்லாம் இலக்கண சுத்தம். ஒன்றிலும் நான் இல்லை. ஒரு சீர் குறைந்தால் 'நல்ல' என்று போட்டிருக்கிறேன். இன்னொன்று குறைந்தால் 'என்றும்'. எண்ணிப் பார்த்தேன். 'நல்ல' மட்டும் 71 இடத்தில். இவ்வளவு நல்லதை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

அப்போது மெண்டலீவ் ஞாபகம் வந்தது. 1869இல் அவர் தனிமங்களை அட்டவணைப்படுத்தியபோது சில இடங்களுக்குப் பொருத்தமான தனிமம் கிடைக்கவில்லை. கைக்கு வந்ததைப் போட்டு நிரப்பாமல் அந்த இடங்களைக் காலியாகவே விட்டார். 1875இல் காலியம், 1879இல் ஸ்காண்டியம், 1886இல் ஜெர்மானியம் என்று ஒவ்வொன்றாக வந்து அந்தக் காலியிடங்களில் உட்கார்ந்தன. நானோ ஒரு நாளைக் கூடக் காலியாக விட மனமில்லாமல் 'நல்ல' போட்டு நிரப்பியிருக்கிறேன்.

சரி, வேறு யாராவது பார்க்கட்டும் என்று பேத்தியைக் கூப்பிட்டேன். கல்லூரியில் படிக்கிறாள். நாக்பூரில் பிறந்தவள். அகத்தில் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. டெல்லி, பிலாய், ஜாம்ஷெட்பூர் என்று இந்த இதழ் போகும் ஊர்களில் எல்லாம் இதே நிலைமைதான் என்று உங்களுக்குத் தெரியும். குறை சொல்வதற்கில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டிய வயதில் நாம் டூரில் இருந்தோம். அதனால் நான் வாசித்து அர்த்தம் சொல்ல, அவள் கேட்பது என்று ஏற்பாடு. முதலில் மழை.

மழையே வருக மனமே குளிரத்
தழைக்க உலகம் சிறந்து.

ழகர எதுகை அழகாக விழுந்திருக்கிறது என்று எனக்கு இதில் ஒரு பெருமை. அர்த்தம் சொன்னேன். அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். பிறகு, "மழை நல்லதுன்னு சொல்றேள். அவ்ளோதானே தாத்தா?" என்றாள்.

அவ்வளவுதான். சத்தத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. ஓசையில்தான் கவிதையின் பாதி இருக்கிறது, அர்த்தத்தை மட்டும் வைத்து எடை போடுவது நியாயமா என்று பண்டிதர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் மறு பாதியாவது இருக்க வேண்டுமே! இப்படி நான்கு நாள் மாலை வேளைகளில் முழு நோட்டையும் வாசித்தோம். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தது ஐந்து இடத்தில்தான். அதில் ஒன்று, நான் வாசிக்காமல் தாண்டிவிட நினைத்தது.

என் சகதர்மிணி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. இந்த 163இல் அவளைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது என்றே இருந்தேன். துக்கத்தைத் தளைக்குள் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ஏப்ரலில் ஒரு நாள் விடியற்காலை, பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்குக் காபி கலந்துவிட்டேன். மேடை மேல் இரண்டும் ஆவி பறக்க நிற்கின்றன. அங்கேயே நின்றபடி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதியது இது. இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை.

இரண்டு குவளை கலந்தேன், ஒருத்தி
இருந்த நினைவில் இருந்து.

பேத்தி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரண்டு கேள்வி கேட்டாள். முதல் கேள்வி, "குவளைன்னா என்ன?"

பாருங்கள், ஐம்பது வருஷத்தில் எங்கள் அகத்தில் ஒருவரும் குவளை என்று சொன்னதில்லை. டம்ளர்தான். டம்ளர் நேரசையில் தொடங்குகிறது. 'இரண்டு' மாவில் முடிவதால் அதன் பின் டம்ளர் வந்தால் தளை தட்டும். அதற்காகவே குவளையைக் கொண்டு வந்திருந்தேன். அவளுடைய பாட்டி கையால் தொடாத ஒரு பாத்திரம்! அன்று ராத்திரி உட்கார்ந்து மாற்றினேன்.

டம்ளர் இரண்டு கலந்தேன், ஒருத்தி
இருந்த நினைவில் இருந்து.

தளை சரியாகிவிட்டது. எதுகை போய்விட்டது. மோனையும் இல்லை. தொடையே இல்லாமல் வருவதற்குச் செந்தொடை என்று இலக்கணமே ஒரு பெயர் வைத்திருக்கிறது. தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது என்று நம் கிளை நண்பர் ஒருவர் போனில் அரை மணி நேரம் வாதாடினார். அவர் சொல்வது சரி. காபியும் தமிழ்ச் சொல் அல்ல, அதற்காக அவர் காலையில் கஷாயம் குடிப்பதில்லை.

இரண்டாவது கேள்வி, "அந்த இன்னொரு காபியை என்ன பண்ணினேள்?" என்பது. நானே குடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இனி இரண்டாம் அரையாண்டுத் திட்டம். தினம் ஒன்று என்ற இலக்கை ரத்து செய்துவிட்டேன். நோட்டில் தேதி மட்டும் தினமும் போடுவேன். எழுத ஒன்றும் இல்லையென்றால் பக்கம் காலியாக இருக்கும். ஜூலை 10லிருந்து இன்று வரை எல்லாப் பக்கமும் காலி. கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல், 85 வயதை எட்டும் தறுவாயில். 1942இல் காலமாகும் வரை எழுதினார், அப்போதும் முடியவில்லை. அவரோடு என்னை ஒப்பிடவில்லை. அவர் தொடங்கிய வயதுக்கு எனக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது என்று கணக்கு மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

பேத்தி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அவளுக்கு ஐந்து எழுத்து கற்றுத்தர வேண்டும். நேற்று ட, ம், ள, ர், இ ஐந்தும் ஆயிற்று. இன்று கூட்டத்துக்கு வந்துவிட்டதால் பாடத்தை ஒரு நாள் முன்னால் வைத்துக்கொண்டோம்.

 காபி தயாராகிவிட்டது என்று மாமி அங்கிருந்து ஜாடை காட்டுகிறார்.