நரம்பணுவில் கற்றலின் சுவடு

(வெள்ளிவிழாவில் நிகழ்த்திய உரை)



அறிவியற் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். கல்விக்கென எழுந்த சங்கத்தில், கற்கும்போது மூளைக்குள் நிகழ்வதைக் காட்டிய கருவியைப் பற்றிப் பேசுவதே பொருந்தும் எனக் கருதினோம்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அடர்ந்த காட்டில் மரங்கள் கிளை பின்னிக் கிடப்பது போல அவை கிடக்கின்றன. எல்லா மரங்களுக்கும் ஒரே சாயம் பூசினால், எந்தக் கிளை எந்த மரத்தினது என்று அறிய இயலாது. இத்தாலிய மருத்துவர் காமில்லோ கோல்ஜி 1873இல் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு இதற்கு வழி கண்டார். அவரது முறையில் மிகச் சில அணுக்களே கறுத்தன. கறுத்தவையோ கிளை நுனி வரை தெரிந்தன.

அம்முறையைச் செம்மைப்படுத்தியவர் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால். மருத்துவரின் மகனாயினும் இளமையில் அடங்காப் பிள்ளை. அதனால் தந்தை அவரைச் சில காலம் நாவிதரிடமும், பின்னர்ச் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். தோல் தைக்கப் பழகிய அக்கைகளே பின்னாளில் நரம்பணுக்களை ஒப்பற்ற ஓவியங்களாக வரைந்தன. நரம்பணுக்கள் ஒரே வலையாக ஒட்டியவை என்றார் கோல்ஜி. தனித்தனியானவை என்றார் கஹால். 1906இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கஹாலின் கொள்கையே நிலைத்தது. கிளைகளின் மேல் முள் போன்ற நுண்ணிய முளைகள் இருப்பதையும் 1888இலேயே அவர் எடுத்துரைத்தார்.

எனினும் ஒரு தடை இருந்தது. தடித்த திசுவை நுண்ணோக்கியில் வைத்தால், நாம் நோக்கும் தளத்திற்கு மேலும் கீழும் உள்ள ஒளியும் கலந்து உருவம் மங்கும். நரம்புப் பின்னலைக் காண விழைந்த அமெரிக்க இளைஞர் மார்வின் மின்ஸ்கி, 1955இல் இதற்கு எளிய தீர்வு கண்டார். ஒளியை ஒரே புள்ளியில் குவித்தார். திரும்பி வரும் ஒளியை ஊசித்துளை ஒன்றின் வழியே விட்டார். அப்புள்ளியின் ஒளி மட்டும் துளையில் நுழைந்தது. வேண்டாத ஒளி தடுக்கப்பட்டது.

லேசர் ஒளியும் கணிப்பொறியும் துணை வந்தபின், 1980களில் கேம்பிரிட்ஜில் ஜான் ஒயிட், பிராட் அமோஸ் ஆகியோர் இக்கருத்தைச் சிறந்த கருவியாக்கினர். ஒளிரும் சாயமூட்டிய திசுவின் மேல் லேசர்க் கதிர் வரிவரியாக ஓடும். ஒரு தளம் முடிந்ததும் சற்றே ஆழத்தில் அடுத்த தளம். இவ்வாறு எடுத்த படங்களைக் கணிப்பொறி அடுக்கினால், நரம்பணு நீளம், அகலம், ஆழம் மூன்றோடும் தோன்றும். கத்தியால் அறுக்க வேண்டியதில்லை.

1990இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டென்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகியோர் அகச்சிவப்பு லேசரைக் கொண்டு, உயிருள்ள மூளையினுள்ளும் ஆழ்ந்து நோக்க வழிவகுத்தனர். சாயத்திற்கு மாற்றாக, ஜெல்லி மீனிலிருந்து வந்த ஒளிரும் புரதத்தை அணுவே ஆக்கிக்கொள்ளும் முறையும் பின்னர் வந்தது.

இக்கருவியால் 2009இல் கலிபோர்னியாவில் கண்டதுதான் நாம் சொல்ல வந்த செய்தி. சிறு பிளவின் வழியே கையை நீட்டித் தானியத்தை எடுக்க எலிகளைப் பழக்கினர். பயிற்சி தொடங்கிய ஒரு மணி நேரத்திற்குள் நரம்பணுக் கிளைகளில் புதிய முளைகள் தோன்றின. பயிற்சி தொடர்ந்தபோது, அம்முளைகள் நிலைபெற்றன.

எலியில் கண்டதுதான் இது. ஆயினும், மூளை பிறப்போடு முடிந்துவிட்ட பொருளன்று, பயிற்சி அதன் உருவையே மாற்றுகிறது என்பதற்கு இது கண்கூடான சான்று. படிப்பு இன்ன குலத்தார்க்கு வரும், இன்னார்க்கு வராது என்ற சொல்லை நம் முன்னோர் கேட்டுக் கேட்டு வருந்தினர். அச்சொல்லுக்கு அறிவியலில் இடமில்லை.

இளைஞர்களே, ஒரு நாள் படித்துப் பத்து நாள் விடுவதால் பயனில்லை. நாள்தோறும் பயிலுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் ஒருவர் நாளை இக்கருவியின் முன் அமர வேண்டும் என்பதே நம் விருப்பம்.