உரோமர் எழுதிய மடல்களும் நாம் அனுப்பும் படங்களும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மண்டபத்துள் நான் நுழைந்தபொழுது, வாயிற்கோலத்தின் அருகே ஒரு குடும்பத்தினர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். நான்கு படங்களை அழித்துவிட்டு ஐந்தாவதையே முகநூலில் ஏற்றினர். அழிந்த நான்கும் என் நினைவை விட்டு அகலவில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் உரோமிலும் இத்தொழில் நடந்தது. அவர்கள் கையில் இருந்த கருவி கடிதம்.

இளைய பிளினி என்பார் வழக்கறிஞர், உயர்பதவிகள் வகித்தவர். நண்பர்க்கு எழுதிய மடல்களுள் கவனத்தோடு எழுதியவற்றைத் தாமே பொறுக்கி, கால வரிசையையும் கருதாது வெளியிட்டார். அவற்றுள் அவர் அன்பான கணவர், அடிமைகளிடம் இரக்கமுள்ளவர். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபொழுது அவருக்கு வயது 17. கப்பற்படைத் தலைவராயிருந்த தாய்மாமன், மக்களைக் காக்கக் கலமேறிச் சென்று உயிர் துறந்தார். மருமகனோ, நிலம் அதிரும் வேளையிலும் முற்றத்தில் அமர்ந்து லிவியின் வரலாற்றைப் படித்துக் குறிப்பெடுத்தாராம்! பல்லாண்டு கழித்து, வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு அவரே இதை எழுதுகிறார். அது துணிவோ அறியாமையோ என்று ஐயுறுவதுபோல் ஓர் அடக்கச் சொல்லும் சேர்க்கிறார். அவ்வடக்கமும் ஒப்பனையே என்பது என் கருத்து.

சிசெரோவுக்கும் புகழாசை குறைவன்று. கி.மு. 63-இல் கான்சல் பதவியிலிருந்து கட்டிலைனின் சதியைத் தாம் முறியடித்தது பற்றி நூல் எழுதுமாறு, லுக்கேயஸ் என்பாரை வேண்டினார். வரலாற்றின் விதிகளைச் சற்றுத் தளர்த்தியேனும் புகழவேண்டுமாம்! நேரில் கேட்க நாணி மடலில் கேட்டார். இன்று விருப்பக்குறி வேண்டி நிற்போர்க்கு இவர் முன்னோர்.

ஆயினும் நண்பர் அட்டிக்கஸுக்கு அவர் எழுதிய நூற்றுக்கணக்கான மடல்கள் ஊரார் காண எழுதியவை அல்ல. கி.மு. 58-இல் நாடு கடத்தப்பட்டபொழுது அவற்றில் புலம்புகிறார்; பிறரை நோகிறார்; தம்மையும் நோகிறார். மனைவி டெரென்ஷியாவுக்கு எழுத அமர்ந்தால் கண்ணீர் மேலிடுகிறது என்று அவளுக்கே எழுதுகிறார். 1345-இல் வெரோனா நகரில் அட்டிக்கஸுக்கு எழுதிய மடல்களைக் கண்டெடுத்த கவிஞர் பெத்ரார்க்கா, தாம் போற்றிய பெரியார் இத்தகையவரா என்று மனம் நொந்தார். 1,300 ஆண்டுகட்கு மேலாக உயிரோடில்லாத சிசெரோவைக் கடிந்து, அவருக்கே ஒரு மடலும் எழுதினார்! முன்பின் தெரியாதவர்க்கு எவரும் அவ்வாறு எழுதுவதில்லை. பிளினியைக் கடிந்துகொள்ள எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நெருங்கவும் வழி தெரியவில்லை.

என்னையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மழைக்காலத்தில் 11 நாட்கள் மருத்துவமனையில் கிடந்தேன். அவ்வாரமே, பழைய தீபாவளிப் படம் ஒன்றைத் தேடியெடுத்து ஊருக்கு அனுப்பினேன். "முகம் தெளிவாக இருக்கிறது, அப்பா" என்று தாயார் மகிழ்ந்தார். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இம்மலரின் படி ஒன்றை இம்முறை ஊருக்கும் அனுப்புவதாகச் செயலாளர் கூறுகிறார். வேண்டாமென்று நான் தடுக்கவில்லை.