நிறுத்தச் சொல்லும் அதிகாரம்



"அண்ணாச்சி, என்.சி.சி. பத்திப் பேசுங்க. பிள்ளைகள் சர்ட்டிபிகேட்டுக்காக மட்டும்தான் சேருதாங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். சர்ட்டிபிகேட் வேலைக்கு உதவும், அதையும் வாங்கிக்கிடுங்க. அதோடு வேறொன்றும் அங்கே கிடைக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1948-ல் சட்டம் இயற்றித் தொடங்கிய படை இது. சீனப் போருக்குப் பிறகு, 1963-ல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். 1968-ல் விருப்பமுள்ளவர் சேரலாம் என்று மாற்றினார்கள். 1980-களில் நான் சேர்ந்தபோது யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கீழப்பாவூர்க்காரனான எனக்குக் காக்கிச் சட்டை, பூட்ஸ் மேல் ஆசை, அவ்வளவுதான்!

பத்து நாள் முகாம் எங்க ஊர்ப் பக்கத்துத் தரிசுக்காட்டிலேயே நடந்தது. விடியுமுன் விசில். மேற்கே மலையில் மேகம் இறங்கினால் சாரல் வந்து கூடாரத்தை நனைத்துவிடும். அத்தனையும் பொறுத்துக்கொண்டது துப்பாக்கி சுடும் நாளுக்காகத்தான்.

பாயிண்ட் டூ-டூ ரைபிள். 25 மீட்டரில் இலக்கு அட்டை. ஆளுக்கு ஐந்து தோட்டா எண்ணிக் கொடுத்து, காலி உறையையும் எண்ணி வாங்குவார்கள். ஹவில்தார் சொன்னார்: "25 மீட்டர்தானேன்னு நினைக்காதீங்க. இந்தச் சின்னத் தோட்டா ஒரு மைலுக்கு அப்பாலும் போகும்." அதற்காகத்தான் மண்மேடு, சிவப்புக்கொடி, சுற்றிலும் காவல். பிறகு சொன்னார்: "சுடச் சொல்ல ஒருத்தருக்குத்தான் அதிகாரம். ஆபத்துன்னா நிறுத்தச் சொல்ல எல்லாருக்கும் அதிகாரம் உண்டு."

எங்கள் வரிசை படுத்துக் குறிபார்த்த நேரம். காவலுக்கு நின்ற முதலாண்டு மாணவன் ஒருவன், "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கத்தினான். தோட்டாவை இறக்கி ரைபிளைக் கீழே வைத்தோம். மேட்டுக்குப் பின்னால் உடைமரத்துக்கிடையே ஒரு வெள்ளாடு. "ஒரு ஆட்டுக்கா இந்தக் கூப்பாடு?" என்று சீனியர் ஒருவர் முனகினார். அவர் சொல்லி முடிக்கவில்லை, ஆட்டைத் தேடிக்கொண்டு பத்து வயதுப் பையன் ஒருவன் தொரட்டியோடு வெளியே வந்தான். எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அன்று மாலை அணிவகுப்பில் அதிகாரி முதலில் அழைத்தது அதிகப் புள்ளி எடுத்தவரை அல்ல, கத்திய மாணவனைத்தான். கைகொடுத்துவிட்டு, "வெறும் ஆடாக இருந்திருந்தாலும் கைகொடுத்திருப்பேன்" என்றார்.

தம்பி தங்கையரே, இந்த வார்த்தையைத்தான் உங்களிடம் ஒப்படைக்கிறேன். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவன் உயிர் போனது. நாம் குளித்து வளர்ந்த அருவி அது. தண்ணீர் நிறம் மாறினால், "ஏலே, ஏறுங்கலே!" என்று முதலில் கத்துங்கள். மற்றவர்கள் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கட்டும். பஸ் டிரைவர் செல்போனில் பேசினாலும், லேபில் கேஸ் வாடை வந்தாலும் அப்படியே. வயதில் சின்னவர் என்று தயங்காதீர்கள். மூத்தவர்களே, சின்னவர் நிறுத்தச் சொன்னால் முதலில் நிறுத்துங்கள்; காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.