முழங்கை முறிவும் மூட்டு விலகலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இவ்வூர்களில் நம்மவர் பலர் கையுழைப்பால் வாழ்பவர். மூட்டை சுமப்போரும், வலை இழுப்போரும், ஆலையில் வேலை செய்வோரும் முழங்கை மடங்காவிடிற் கூலி இழப்பர். ஆதலின் அம்மூட்டைக் குறித்துச் சில கூறத் துணிந்தோம்.

உயரத்தினின்று விழுபவன் கையை நீட்டி ஊன்றுகிறான். அவ்வேகத்தில் மூட்டு விலகுகிறது. எலும்பு முறியாத விலகலாயின், விரைவில் இடத்திற் சேர்த்தால் பெரும்பாலும் குணமாகும். விலகலோடு ஆரையெலும்பின் தலையும், அல்னா எலும்பின் முன்முனையும் உடைந்தாலோ நிலைமை வேறு. இம்மூன்றும் கூடியதையே அமெரிக்க மருத்துவர் ஹாட்ச்கிஸ் 1996இல் 'கொடிய மும்மை' எனக் குறித்தார்.

அம்முன்முனை எக்ஸ்ரே படத்தில் சிறு துணுக்காகவே தோன்றும். அசட்டை செய்தல் எளிது. ஆயினும் அல்னா பின்னே சரியாமல் தாங்கும் முட்டு அதுவே. ஆகவே நாடியும் நரம்பும் சோதித்து, மூட்டை இடத்திற் சேர்த்தபின், சி.டி. ஸ்கேன் எடுத்து முறிவின் வடிவை அறிதல் வேண்டும்.

சத்திர சிகிச்சை ஆழத்தினின்று மேல்நோக்கி நடைபெறும். முதலில் முன்முனையைத் திருகாணியாலோ நூலாலோ பொருத்துவர். அடுத்து ஆரைத்தலையைச் சேர்ப்பர். நொறுங்கியிருப்பின் உலோகத்தலை வைப்பர். அதனை வெறுமனே அகற்றிவிட்டால் மூட்டு மீண்டும் நழுவும். பின்னர் வெளிப்புறத் தசைநாரை மேற்கை எலும்போடு தைப்பர். மூட்டு உறுதிபெற்றதும் சில நாட்களிலேயே அசைத்துப் பழக்குவர். நெடுநாள் மாக்கட்டில் வைத்த முழங்கை இறுகிப்போகும்.

நிற்க. முறிவென்றதும் புத்தூர்க் கட்டுக்கு வண்டியேறும் வழக்கம் நம்மிடையே உண்டு. எளிய முறிவு சில, கட்டினாலே கூடும், அதனை மறுப்போமல்லேம். இக்கொடிய மும்மையோ கட்டுக்கு அடங்குவதன்று. எண்ணெய் தேய்த்து வலிந்து நீட்டினால் தசையினுள் எலும்பு வளர்ந்து மூட்டுப் பூட்டிக்கொள்ளவுங்கூடும். வாரங்கள் கழிந்தபின் வருவோர்க்குச் சிகிச்சை கடினம், பயனும் குறைவு.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை நமக்கு அண்மையிலேயே உள்ளது. பேராசிரியர் வெங்கடசாமி 1971இல் கைச் சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியதும் ஆங்கேதான். விழுந்த அன்றே அத்தகைய மருத்துவமனையை அடைதல் வேண்டும். நோயாளியின் குடும்பத்திற்குச் சில வாரம் அரிசியும் வண்டிக் கூலியும் கொடுத்துதவுவது சங்கத்தின் கடமை. கூலி போகுமென அஞ்சி ஒருவன் கையையே இழத்தல் நமக்கெல்லாம் இழுக்காகும்.