டிஸ்ப்ளே வரல, மாமா



போன ஏப்ரலில் ஒரு ராத்திரி, மணி பதினொன்று இருக்கும். அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல." குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. கேம் ஆடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர். கடைக்காரர் தாமே பூட்டித் தருவதாகச் சொல்லியும், நானே கட்டுவேன் என்று பாகம் பாகமாக வாங்கி வந்து, ஆறு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பூட்டியிருக்கிறான்.

"மானிட்டர் வயரை எங்கடா சொருகியிருக்க?"

"பின்னாடிதான் மாமா. மதர்போர்டுல."

"அதுக்குக் கீழ படுக்கைவாட்டுல கிராபிக்ஸ் கார்டோட ஓட்டை இருக்கும் பாரு. அதுல சொருகு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தெருவே எழுந்துகொள்கிற மாதிரி ஒரு கூச்சல்.

அவன் வாங்கியிருந்த இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும். படம் காட்டும் பகுதி அதற்குள் வேலை செய்யாது என்பதற்கு அடையாளம் அந்த எழுத்து. அதனால்தான் விலையும் கொஞ்சம் குறைவு. அந்தப் பிராசஸரை மாட்டினால் மதர்போர்டில் இருக்கும் மானிட்டர் துளை வெறும் ஓட்டைதான். வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு என்னை எழுப்புகிறார்கள்.

கம்ப்யூட்டர் கட்டுவது ஒரு கலையா என்று சிலர் சிரிப்பார்கள். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதுமே, ஒவ்வொரு பிளக்கும் அதனதன் துளையில்தானே நுழையும் என்பார்கள். பூட்டுவது எளிது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. வாங்குவதற்கு முன்னால் காசை எங்கே வைப்பது, பூட்டிய பிறகு பெட்டி முரண்டு பிடித்தால் முதலில் யாரைச் சந்தேகப்படுவது, இந்த இரண்டில்தான் கைதேர்ந்தவரும் கத்துக்குட்டியும் பிரிகிறார்கள்.

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது "என்ன சார் வேணும்?" அடுத்தது "பட்ஜெட் என்ன சார்?" இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடக் கூடாது. சொன்ன தொகைக்கு ஒரு பட்டியல் தயாராக வரும். அதில் கண்ணைப் பறிக்கிற கிராபிக்ஸ் கார்டு இருக்கும், கண்ணாடிக் கதவு வைத்த கேபினெட் இருக்கும், வண்ண விளக்கு ஃபேன் ஆறு இருக்கும். கடைசி வரியில், கம்பெனி பெயர்கூட இல்லாமல், "எஸ்.எம்.பி.எஸ். 500 வாட்" என்று இருக்கும். நான் பட்டியலைக் கடைசி வரியிலிருந்துதான் படிப்பேன்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி மற்ற பாகங்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது 12 வோல்ட் வரியில். அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மேலே போட்டிருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டு, 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 25 ஆம்பியர் என்று இருந்தால் 25-ஐ 12-ஆல் பெருக்குங்கள், 300 வாட். மேலே 500 என்று போட்டிருந்தாலும் உங்கள் கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் பங்கு போட்டுக்கொள்ளக் கிடைப்பது அந்த 300-தான்.

அதே ஸ்டிக்கரில் 80 பிளஸ் கோல்டு என்று பொன்னிற முத்திரை இருந்தால் நம் ஊர்க்காரர்கள் அதை 916 ஹால்மார்க் மாதிரி எண்ணிக்கொள்கிறார்கள். அது தரச் சான்று இல்லை, சிக்கனச் சான்று. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் எத்தனை வருடம் தாங்கும், ஷார்ட் ஆனால் பெட்டி தன்னை நிறுத்திக்கொள்ளுமா என்பதைப் பற்றி அந்த முத்திரை வாயே திறக்காது. அதற்கு வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்கலாம். பத்து வருடம் தருகிறவன் யோசிக்காமல் தர மாட்டான். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பில் இல்லாத வாரண்டி வெறும் வாய்வார்த்தை.

கிராபிக்ஸ் கார்டில் வேறு ஒரு கண்ணி. பெயர் ஒன்று, சரக்கு வேறு. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3060, 2021-இல் 12 ஜி.பி. நினைவகத்தோடு வந்தது. அடுத்த வருடக் கடைசியில் அதே பெயரில் 8 ஜி.பி. கார்டு ஒன்று வந்தது. குறைந்தது கொள்ளளவு மட்டுமில்லை, நினைவகத்துக்குப் போகும் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கியது. அதற்கு முன்னால் ஜி.டி. 1030 என்ற சிறிய கார்டுக்கும் இதுவே நடந்தது. 2018-இல் வந்த டி.டி.ஆர். 4 வகையின் நினைவக வேகம் பழைய வகையில் மூன்றில் ஒரு பங்குதான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்து எல்லாம் ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கும். கடையில் நின்று அதைப் படிக்கிற ஆளைக் கண்டால் எனக்கு மரியாதை வரும்.

பிராசஸர் விஷயத்தில் நான் பார்ப்பது அது உட்காரும் சாக்கெட்டின் ஆயுள். ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 சாக்கெட்டில் 2017-இல் முதல் ரைசன் வாங்கியவர், போர்டின் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, 2022-இல் வந்த 5800 எக்ஸ் 3டி-யை அதே போர்டில் மாட்ட முடிந்தது. அந்த ஐந்து வருடத்தில் இன்டெல் பக்கம் இருந்தவருக்கு போர்டும் சேர்ந்து மாறியது. எந்தக் கம்பெனி வேகம் என்று வாதாடும் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

இன்னொன்று, எந்தப் பட்டியலிலும் இல்லாத பாகம். சுவரில் எர்த். நம் வீடுகள் பலவற்றில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்காது. வெறுங்காலோடு தரையில் நின்று கேபினெட்டின் ஸ்க்ரூவைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறும். அக்கா வீட்டில் அப்படித்தான் ஏறியது. பையன் எஸ்.எம்.பி.எஸ். போச்சு என்று பதறினான். எஸ்.எம்.பி.எஸ். நன்றாகத்தான் இருந்தது. மின் இரைச்சலை வடிகட்ட அதன் வாசலில் இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இருக்கும், நடுவில் கேபினெட்டின் உலோகம். எர்த் இருந்தால் கசிவு அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் வரும் வோல்ட்டேஜில் பாதி அளவு பெட்டியின் உடம்பிலேயே நிற்கும். டெஸ்டர் வைத்தால் மினுக் மினுக்கென்று எரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு வயர் இழுத்தோம், சுர் நின்றது.

வானொலியில் படம் காட்ட முடியாதே என்ற குறை எனக்கு இல்லை. இது பாதி காதால் செய்யும் வேலை. ராமை அதன் பள்ளத்தில் நிறுத்தி இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் "டக்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உட்காரவில்லை. இரண்டு ராம் என்றால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது பள்ளங்கள். இன்டெல் சாக்கெட்டின் கம்பியை இறக்கும்போது எலும்பு முறிவது போல நறநறவென்று சத்தம் வரும். கீழே ஆயிரத்துக்கு மேல் ஊசிகள் நிற்கின்றன, மேலே நீங்கள் அழுத்துகிறீர்கள். முதல் தடவை கேட்பவருக்கு உயிர் போய் உயிர் வரும். ஆனால் அது நல்ல சத்தம். கேமின் மெனுவில் கார்டு மெல்லக் கீச்சிடுகிறதா, அதுவும் நோய் இல்லை, காயில்கள் அதிர்கின்றன. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் "டிக்" வேறு விவகாரம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

டிஸ்ப்ளே வரவில்லையா? உடனே பாகத்தைக் கழற்றாதீர்கள். மானிட்டர் வயருக்குப் பிறகு நான் கேட்பது, போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்று தனியாக இருக்கும் எட்டு பின் வயரைச் சொருகினாயா என்பது. அதை மறந்தாலும் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், பெட்டி உயிரோடு இருப்பதாகவே நடிக்கும். டி.டி.ஆர். 5 ராம் போட்ட புது ஏ.எம். 5 போர்டு என்றால் அடுத்த மருந்து பொறுமை. முதல் தடவை ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ள அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பயந்து பவரை நிறுத்தி நிறுத்திப் போடுபவர்கள் மறுபடி மறுபடி பிள்ளையார் சுழியிலேயே நிற்கிறார்கள். பழைய ராம் என்றால் நம் மெக்கானிக்குகள் பள்ளிக்கூட ரப்பரை எடுத்து அதன் பொன்னிறப் பற்களைத் தேய்ப்பார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கடற்கரை ஊரில் அந்தப் பற்களில் படிகிற அழுக்கை அது எடுத்துவிடுகிறது, பாதி நேரம் பெட்டியும் எழுந்துவிடுகிறது. துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், வாயால் ஊதினால் எச்சில் போகும்.

இத்தனைக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். ராமையும் மாற்றி, வயரையும் மாற்றி, பயாஸையும் மாற்றினால் பெட்டி ஓடலாம், எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த வாரம் நின்றால் திரும்ப முதலிலிருந்து.

பெட்டி சொல்கிற வாக்குமூலத்தையும் அப்படியே நம்பக் கூடாது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்கள் கொண்ட கம்ப்யூட்டர்களில் சில கேம்கள் திறக்கும்போதே சாய்ந்தன. திரையில் வந்த செய்தி, வீடியோ நினைவகம் போதவில்லை என்பது. 24 ஜி.பி. கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே செய்தி! கார்டை மாற்றினார்கள், டிரைவரை மாற்றினார்கள், விண்டோஸை அழித்துப் போட்டார்கள். குற்றவாளி கார்டே இல்லை. கேம் தன் சரக்கைச் சுருக்கி வைத்திருக்கும், அதை விரிக்கும் வேலை பிராசஸருடையது. அதிக வோல்ட்டேஜ் வாங்கி வாங்கி நலிந்துபோன பிராசஸர் அதைப் பிழையாக விரித்தது. 2024-இல்தான் இன்டெல் காரணத்தைச் சொன்னது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, வாரண்டியும் இரண்டு வருடம் நீண்டது. ஏற்கெனவே நலிந்த சில்லுகளை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை. தலைவலிக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டே இருந்தவருக்கு வயிற்றில் கோளாறு என்று கண்டுபிடித்த மாதிரி.

அக்கா மகன் கதைக்கு வருகிறேன். மே மாதம், கத்திரி வெயில். மறுபடி போன். "மாமா, கேம் ஆடிட்டிருக்கும்போதே பட்டுனு அணைஞ்சுடுது. காலைல ஒண்ணும் ஆகல, மத்தியானம்தான்." விண்டோஸ் பதிவேட்டில் பார்த்தால் கெர்னல்-பவர் 41 என்று இருந்தது. செத்துப்போனார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் அது, எப்படி என்று சொல்லாது. கார்டின் சூட்டைப் பார்த்தோம், எழுபதைச் சுற்றித்தான். பிராசஸரும் நிதானமாகவே இருந்தது. ராமை ராத்திரி முழுக்கச் சோதித்தான், ஒரு பிழை இல்லை. கார்டைக் கடையில் கொடுத்து மாற்றலாமா என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவன் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான். இருபத்தைந்து நிமிடம் கழிந்திருக்கும். பெட்டியின் அடியிலிருந்து ஒரு "டிக்". திரை இருண்டது. உடனே பொத்தானை அழுத்தினான், அசையவில்லை. "சும்மா இரு" என்றேன். அக்கா கொடுத்த மோரைக் குடித்து முடித்த பிறகு அழுத்தினான், ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்தது. ஆறினால் எழுகிறது என்றால், சூடானது டிக் சொன்ன ஆசாமிதான். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். நல்ல கம்பெனி, போன மாதம்தான் நானே பார்த்து வாங்கியது.

குனிந்து பார்த்தேன். கேபினெட்டுக்கு அடியில் நாலாக மடித்த போர்வை. இந்தக் காலத்துக் கேபினெட்டில் எஸ்.எம்.பி.எஸ். தரையோரம் உட்கார்ந்து, அடிப்பக்க வலை வழியாகத்தான் காற்றை இழுக்கும். பெட்டியின் கால்கள் போர்வைக்குள் புதைந்து, வலையில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அந்த எஸ்.எம்.பி.எஸ். மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை செய்திருக்கிறது.

"போர்வையை யார் போட்டது?"

"நான்தான்டா" என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து. "புது டைல்ஸு. கீறல் விழுந்தா நீ வந்து மாத்தித் தருவியா?"

அவள் சொல்வதும் நியாயம். போர்வையை உருவினோம். இப்போது அந்தப் பெட்டி, காலுக்கு ஒன்றாக நான்கு கேரம் காய்களின் மேல் நிற்கிறது. இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு. அவர்கள் வீட்டில் கேரம் ஆடி ஒரு வருடமாகிறது.