தாழியும் தட்டமும்

புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்தவள், தனக்கும் இடமிருக்குமாறு ஈமத்தாழியை அகலமாக வனையக் குயவனை வேண்டுகிறாள். போன்சாய்க்குக் கலம் செய்வோர்க்கு வாய்த்ததோ நேர்மாறான பணி: உயிருள்ளதொரு மரத்தை இரண்டு விரற்கடை ஆழத்தில் வாழவைத்தல். குடம் ஒழுகினால் குயவர்க்கு இழுக்கு. இக்கலமோ ஒழுகாவிட்டால் வேர் அழுகும். வேரைக் கம்பியால் கட்டவும் துளை வேண்டும். இல்லையேல் முதற்காற்றிலேயே மரம் சாயும்.

1971இல் ரே மீக்கரும், ஜப்பானில் பயின்ற டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலக் கூடம் உயர்வெப்பச் சூளைக் கலையைப் பலருக்குக் கற்பித்தது. சின்னக் காஞ்சித் தறியில் புடவையின் நீளம் பாவோட்டும்போதே முடிவாகும். களிமண்ணோ காய்ந்தும் வெந்தும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு சுருங்கும். மூலைகளை மூடி மெல்ல உலர்த்தாத புதியவரின் தட்டம் சூளை காணுமுன்பே விரிசல் காணும். அம்மண்ணை ஊறவைத்து, மீண்டும் பிசைகிறார்.