கணக்கை நேராக எழுதுங்கள், பெயர் தானாக வரும்!

(சிதம்பரத்தில் கல்லூரி மாணவர்களும் வணிகர்களும் கூடியிருந்த கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

சென்ற வாரம் கடலூர் முதுநகரில் ஒரு சகோதரரின் கடையில் உட்கார்ந்திருந்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் தன் மனக்குறையைச் சொன்னார். "ஹஜ்ரத்! என் மகனுக்கு டாக்டர் சீட் கிடைக்கல. பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்து ரெண்டாம் வருஷம் படிக்கிறான். லீவு நாள்ல கடையில உட்காருடான்னா உப்பனாத்துக் கரைக்குப் போய் நண்டு வளையை எண்ணிக்கிட்டு இருக்கான். ஆராய்ச்சியாம்! நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அங்கேயே சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. உயிரியல் படிக்கும் பிள்ளை என்றால் மருத்துவத்தில் இடம் கிடைக்காமல் ஒதுங்கியவன் என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றிக் கிடக்கிறது. இளங்கலை மாணவன் என்ன ஆராய்ச்சி செய்துவிட முடியும் என்ற ஏளனமும் கூடவே இருக்கிறது. ஆகவேதான் அந்த வார்த்தையை இந்த மேடையில் சொல்கிறேன். தந்தைக்கும் சொல்கிறேன், மகனுக்கும் சொல்கிறேன்.

ஆமைக் கணக்கு எழுதிய மாணவர்கள்

நம் கடற்கரைக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி பங்குனி ஆமை. தேவனாம்பட்டினத்திலும் அதையடுத்த கரைகளிலும் முட்டையிடுவதை நம் மீனவச் சகோதரர்கள் நன்கு அறிவார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இடும். சுமார் ஐம்பது நாளில் குஞ்சு வெளிவரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும்.

1988ஆம் ஆண்டு சென்னையில் சில கல்லூரி மாணவர்கள் ஒன்று சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்காக ஒரு மாணவர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களிடம் பணமும் இல்லை, கட்டிடமும் இல்லை. ஆமை வரும் மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் மணலில் நடந்தார்கள். எத்தனை ஆமை கரையேறியது, எத்தனை குழி, எத்தனை முட்டை, எத்தனை ஆமை செத்து ஒதுங்கியது என்று நோட்டில் எழுதினார்கள். நாய்க்கும் திருடனுக்கும் தப்ப முடியாத முட்டைகளைப் பாதுகாப்பான மணலுக்கு மாற்றினார்கள்.

அந்த நோட்டுக் கணக்கு ஆமை ஆய்வாளர்கள் படிக்கும் இதழ்களில் வெளிவந்தது. அன்று மாணவராக அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர், பிற்காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். நாட்டின் முன்னணிக் கடலாமை அறிஞர்களில் ஒருவர் அவர்.

இதில் ஒரு பாடம் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயம் அதை விசாரணைக்கு எடுத்தது. 'ஆமை சாவது எல்லா வருஷமும் நடப்பதுதானே' என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? பழைய கணக்கைக் காட்டித்தான் பதில் சொல்ல முடியும். முப்பது ஆண்டுக்கு மேலாக மாணவர்கள் வரிசை வரிசையாக எழுதி வைத்த பேரேடு அங்கே இருந்தது. அதனால்தான் 'இந்த வருஷம் வழக்கத்துக்கு மாறானது' என்று அடித்துச் சொல்ல முடிந்தது!

வணிகப் பெருமக்களே! பழைய பேரேடு இல்லாத கடையில் நட்டம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? கடலுக்கும் ஆற்றுக்கும் அப்படித்தான்.

பல்கலைக்கழகப் படிக்கட்டை விடக் கண் முக்கியம்

இன்னொருவரையும் நினைவூட்டுகிறேன். பறவையியல் மேதை சாலிம் அலி. 1896ல் பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். ஒரு நாள் தான் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, இது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலேறினார். அந்தக் கேள்விதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். பர்மாவுக்குப் போய்க் குடும்ப வணிகத்தைப் பார்த்தார். அது சரிப்படவில்லை. திரும்பி வந்து விலங்கியல் படித்தார். பெரிய பட்டம் இல்லை என்பதால் அரசு வேலை ஒன்று கைநழுவியது. பிறகு கிடைத்த அருங்காட்சியக வேலையும் நிதி இல்லை என்று போயிற்று. வேலையின்றிக் கிஹிம் என்ற கடலோர ஊரில் இருந்தபோது, 1930ல் வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார்.

ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டு நிறுத்துகிறது. பெண் குருவி வந்து சோதித்துப் பார்க்கிறது. அதற்குப் பிடித்தால்தான் மீதியைக் கட்டி முடிக்கிறது. பிறகு ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறது! காலங்காலமாக எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடந்த சங்கதி இது. பொறுமையாக உட்கார்ந்து எழுதியவர் அவர். அந்தக் கட்டுரைதான் அவர் பெயரை அறிவுலகில் நிலைநிறுத்தியது. 1976ல் பத்ம விபூஷண் வரை கொண்டுபோய்ச் சேர்த்த பயணத்தில் அது முக்கியமான படி.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவர்களைப் பேராசிரியர் ஒருவர் ஈக்வடார் நாட்டு மழைக்காட்டுக்கு அழைத்துப் போனார். மாணவர்கள் செடிகளுக்குள் வாழும் பூஞ்சைகளைச் சேகரித்தார்கள். அதில் ஒன்று பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைத் தின்று வளர்ந்தது. காற்றில்லாத இடத்திலும் வளர்ந்தது! 2011ல் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தபோது அந்த மாணவர்களின் பெயர்களும் ஆசிரியர்கள் வரிசையில் இருந்தன. வயது இருபது சொச்சம்!

நம் வாசலில் இருக்கும் செல்வம்

சகோதரர்களே! ஈக்வடாருக்குப் போக வேண்டாம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. உலக அளவில் கடல் அறிஞர்கள் அறிந்த இடம். நம் பள்ளிவாசல்களிலிருந்து நடந்து போகும் தொலைவு. நம் வீட்டுப் பிள்ளைகளில் அதன் வாசலுக்குள் போய் ஒரு கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர்? வளைகுடாவுக்குப் போகும் வழி தெரிந்த அளவு வெள்ளாற்றங்கரைக்குப் போகும் வழி நமக்குத் தெரியவில்லையே!

அந்தப் பக்கம் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. இந்த ஊருக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் இன்றும் அங்கே நிற்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, அந்த உயராய்வு மையத்தின் பேராசிரியர் கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையோரம் 18 குடியிருப்புகளை ஆராய்ந்தார்கள். மரம் இருந்த இடத்தில் சாவு குறைவு என்று 2005ல் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

அடுத்த ஆண்டே வெளிநாட்டு அறிஞர்கள் சிலர் மறுத்தார்கள். 'மரம் காரணமல்ல, கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும்தான் காரணம்' என்றார்கள். வேறு சிலர் அதே எண்களை மறுபடி கணக்கிட்டு 'மரத்துக்கும் பங்கு உண்டு' என்றார்கள். இந்த வாதம் எப்படி நடக்க முடிந்தது? 18 ஊரின் எண்களையும் ஒளிக்காமல் அச்சில் வைத்ததால்தான்! பிறர் சரிபார்க்கும்படி கணக்கைத் திறந்து வைப்பவனே ஆய்வாளன்.

விலைக்கு வாங்கும் பெயர்

இப்போது மாணவர்களுக்குக் கசப்பான ஒரு செய்தி.

அந்தக் கடலூர்ச் சகோதரரின் மகனும் அன்று கடையில் நின்றிருந்தார். தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். 'ஐயாயிரம் ரூபாய் கட்டினால் மூன்று நாளில் உங்கள் கட்டுரை சர்வதேச இதழில் வெளிவரும், இளம் விஞ்ஞானி விருதும் சான்றிதழும் அனுப்பப்படும்' என்று அதில் இருந்தது. தந்தையிடம் அந்தப் பணத்தைக் கேட்கத்தான் தம்பி தயங்கிக் கொண்டிருந்தார்.

தம்பி! நீங்கள் எண்ணிய நண்டு வளை உண்மை. இந்த விருது பொய். கலப்படச் சரக்குக்கு முத்திரை குத்தி விற்பவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? நல்ல இதழ்களின் பட்டியல் ஒன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு சில ஆண்டுகள் வைத்திருந்தது. 2025ல் அதையும் கைவிட்டுவிட்டது. எனவே இனி நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். கட்டணம் வாங்குவதெல்லாம் மோசடி என்று சொல்ல மாட்டேன். நேர்மையான இதழ்கள் சிலவும் வெளியீட்டுச் செலவு கேட்பதுண்டு. உரைகல் இதுதான்: உங்கள் கட்டுரையை விஷயம் தெரிந்த ஒருவர் படித்தாரா? குறை சொன்னாரா? திருத்திக் கொண்டுவா என்றாரா? திருப்பி அனுப்பும் துணிவு அந்த இதழுக்கு உண்டா? மூன்று நாளில் புகழ் தருகிறேன் என்பவன் உங்கள் தந்தையின் கல்லாப்பெட்டியைத்தான் பார்க்கிறான்.

நேர்வழி இருக்கிறது. பெங்களூரிலும் டெல்லியிலும் அலகாபாத்திலும் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் மாணவர்களை அறிஞர்களிடம் வேலை பழக அனுப்புகின்றன. உதவித் தொகையும் உண்டு. பிளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்காக, மத்திய அரசு 2008ல் இன்ஸ்பயர் உதவித் தொகையைத் தொடங்கியது. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. எதற்கு எப்போது விண்ணப்பிப்பது என்று உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். கடலூர் பெரியார் கலைக் கல்லூரியிலோ சி.முட்லூர் அரசுக் கல்லூரியிலோ படிக்கிறேன், என்னை யார் சேர்ப்பார்கள் என்று நீங்களே கதவைச் சாத்திக் கொள்ளாதீர்கள்.

எதை ஆராய்வது? சின்னக் கேள்வியாக, அடிக்கடி போகக்கூடிய இடமாக எடுங்கள். உப்பனாற்றில் தொழிற்பேட்டைக்கு மேலே நண்டு வளை எத்தனை, கீழே எத்தனை? ஒரு மீட்டர் சதுரத்தில் கயிறு கட்டி எண்ணுங்கள். தேதி, நேரம், ஏற்றமா வற்றமா, மழை பெய்ததா என்று எழுதுங்கள். ஒன்றும் காணாத நாளில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுங்கள். விரும்பிய விடை வரவில்லை என்பதற்காக எண்ணைத் திருத்தினால் அது எடையில் கை வைப்பதற்குச் சமம். இன்னொன்று: கடலாமை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். வனத்துறை அனுமதியின்றித் தொடாதீர்கள்.

தந்தையர்க்கும் வணிகர்க்கும்

பெரியோர்களே! திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951ல் எழுந்தபோது, அதற்குப் பின்னால் நம் வணிகர்களின் பணம் இருந்தது. அவர்கள் கட்டிடம் தந்தார்கள். இன்று நான் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. ஒரு மாணவனுக்குப் பேருந்துக் கட்டணம், நல்ல டார்ச் விளக்கு, தண்ணீரின் உப்பை அளக்கும் ஒரு சிறு கருவி. கல்யாண மண்டப அலங்காரத்தில் ஒரு மூலைக்குச் செலவாகும் தொகை. ஒரு கடைத்தெரு சேர்ந்தால் ஒரு கல்லூரியின் பத்து மாணவர்களுக்குக் கொடுக்கலாம். பதிலுக்கு மாதம் ஒரு முறை அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். நண்டு உங்களுக்குத் தெரிய வேண்டாம், கணக்கு தெரியும் அல்லவா? நாள் விடுபட்டிருந்தால் கேளுங்கள்!

கடலூர்ச் சகோதரரே, நீங்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை இதுதான். மகனைப் படிப்பு முடியும் வரை ஆற்றங்கரையில் விடுங்கள். மாலையில் அவர் வந்து கடையில் உட்காரட்டும். உங்கள் பேரேட்டை எப்படி எழுதுகிறீர்கள் என்று அவருக்குக் காட்டுங்கள். அவர் நோட்டை நீங்கள் பாருங்கள். அந்த ஐயாயிரத்தைச் சான்றிதழுக்குக் கொடுக்காமல் கருவிக்குக் கொடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு இதே மண்டபத்தில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவர் பேச வேண்டும், நாம் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். வஸ்ஸலாம்.